திருப்பி வைத்த அட்டைகள்

எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், அந்தத் திட்டம் எந்தெந்தக் காரணங்களால் தோற்றுப்போகக்கூடும் என்று பார்த்து எழுத ஓர் அதிகாரி வந்தார். ஒரு மாதம் இருந்தார். மின்சாரத்தை அளந்தார், ஜன்னல் தூசியைத் துணியில் துடைத்துப் பார்த்தார், எல்லோரையும் கேள்வி கேட்டார். என்னையும் கேட்டார். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஓய்வுபெற்றவர்கள் சங்கத்து ஆண்டு மலருக்குப் பணி அனுபவம் எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். தட்டிக்கழித்துவந்தேன். இந்த வருடம் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "கம்ப்யூட்டர் வந்தப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க, நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். நல்லதாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

தில்லிக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் விடுதியில் என் சித்தப்பா சமையல் வேலை பார்த்தார். அவர் சொல்லி வைத்துக் கிடைத்த முதல் வேலை, கோடையில் அதிகாரிகளின் ஜன்னல்களில் கட்டிய வெட்டிவேர்த் தட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. மூன்று கோடை ஊற்றினேன். பிறகு பியூன். பிறகு தஃப்தரி, அதாவது கோப்புகளையும் அட்டைகளையும் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் அதனதன் இடத்தில் வைக்கிறவன். ஆங்கிலத்தில் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தேதியும் எண்ணும் நன்றாக வரும். அதற்கு மேல் அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து ஒரே அறையில் பதினைந்து வருடம் இருந்தேன்.

எங்கள் துறைக்கென்று தில்லியில் கொஞ்சம் வீடுகள் இருந்தன. மோதி பாக்கில் சில வரிசைகள், வேறு இடங்களில் சில. வீடு கேட்பவர்களோ பல மடங்கு. வேலைக்குச் சேர்ந்த தேதிதான் வரிசை. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. நீளமான மரத் தட்டுகளில் அட்டைகள் தேதிப்படி நிற்கும். ஒரு வீடு காலியானால், முன்னால் நிற்கும் அட்டைக்காரருக்குக் கடிதம் போகும். அவர் ஏற்றுக்கொண்டால் அட்டை வெளியே வந்துவிடும். வேண்டாம் என்றால், அட்டையில் 'ஏற்கவில்லை' என்று முத்திரை குத்தி வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். விதி அதுதான்.

பிரிவின் சூப்பரின்டெண்ட் கன்னா சாகிப். லாகூரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம். இளம்வயதில் இரண்டு வருடம் கூடாரத்தில் இருந்தவர். எந்தக் காலத்திலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். காகிதத்தின் மேல் மர அளவுகோலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்தித்தான் படிப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனாவை மூடி மேஜையின் மேல் படுக்க வைப்பார். அது போதும், எதிரில் நிற்பவன் வெளியே போய்விடுவான்.

அவர் மனசு இளகும் இடம் ஒன்று உண்டு. வீடு வேண்டாம் என்று சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இருக்கும். மூன்றாவது மாடி கொடுத்திருப்பார்கள், வீட்டில் படி ஏற முடியாத நோயாளி இருப்பார். அவர்களைக் கடைசிக்கு அனுப்ப அவருக்கு மனசு வராது. முத்திரை மட்டும் விதிப்படி விழும். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "பழனி, இஸ்கோ உல்டா கர் தோ" என்பார். நான் அந்த அட்டையை அதே இடத்தில், முதுகு முன்னால் தெரியும்படி திருப்பி வைப்பேன். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மஞ்சள் தெரிந்தால், இவர் காத்திருக்கிறார், அடுத்த கீழ்த்தளம் காலியானால் இவருக்கு என்று அர்த்தம்.

அதை அவர் எங்கும் எழுதியதில்லை. ஒருமுறை ஒருவருக்காக எழுதி வைத்ததால், யாருக்குச் சலுகை, ஏன் சலுகை என்று இரண்டு வருடம் விசாரணை நடந்ததாம். அதன்பின் மருத்துவச் சான்று வந்தால் கோப்பில் 'பார்த்தேன்' என்று ஒரு சொல், கீழே சுருக்கொப்பம். அவ்வளவுதான். மீதி எல்லாம் என் கையில் இருந்தது. ஒரு தட்டுக்கு ஐந்தாறு அட்டை திரும்பி நிற்கும். பதினைந்து வருடத்தில் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை.

தனபாக்கியம் என்ற பெண்ணின் அட்டையை அப்படித்தான் திருப்பினோம். மதுரைப் பக்கத்துப் பெண். தட்டச்சுப் பிரிவில் வேலை. கணவர் சுந்தரம் அச்சகத்தில் இருந்தவர். லாரி மோதி இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கோட்லாவில் ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒற்றை அறையில் இருந்தார்கள். அவளுக்கு முதலில் வந்தது மோதி பாக்கில் இரண்டாவது மாடி. கடிதத்தோடு கன்னா சாகிப் முன்னால் வந்து நின்றாள். ஹிந்தி திக்கித் திக்கித்தான் வரும். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"அண்ணே, சாருட்ட சொல்லுங்க. இப்ப இருக்கறதும் மாடி, இதுவும் மாடி. அவரைக் கீழ இறக்கி ஒண்ணரை வருஷமாச்சு. ஜூன் மாசத்துல அந்தத் தகரத்துக்கு அடியில மனுஷன் வேகுறாருண்ணே. லேட்டானாலும் பரவாயில்ல, கீழ் வீடா குடுக்கச் சொல்லுங்க."

நான் சொன்னேன். கன்னா சாகிப் சான்றை அளவுகோல் வைத்து வரி வரியாகப் படித்தார். 'பார்த்தேன்' என்று எழுதினார். என்னைப் பார்த்தார். நான் அட்டையைத் திருப்பினேன்.

"சரி, மகளே. கீழ்த்தளம் காலியானால் உனக்குத்தான்" என்றார் ஹிந்தியில். அவள் கைகூப்பினாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் அதன்பின் ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் திரும்பி நின்ற அட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியில் அந்தத் தட்டில் அவளுடையதுதான் முதல்.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் பேச்சு வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதே பேச்சு. காத்திருப்போர் பட்டியலை மெஷினில் ஏற்றிவிட்டால் சிபாரிசு, தில்லுமுல்லு எதுவும் இருக்காது என்றார்கள். மாடியில் ஓர் அறைக்குத் தரை உயர்த்தி, ஏசி போட்டு, வாசலில் செருப்பைக் கழற்ற ஒரு பலகையும் வைத்தார்கள். என்னோடு இருந்த ராம்சிங் என்ற பியூன் அதைப் பார்த்துவிட்டு வந்து, "மெஷினுக்கு ஏசி, நமக்கு வெறும் ஃபேன். அடுத்த ஜென்மத்தில் மெஷினாகத்தான் பிறக்கணும்பா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

முதலில் சொன்ன அதிகாரி அப்போதுதான் வந்தார். ராகவன் என்று பெயர். தமிழர், முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய படிப்பு. ஆனால் பியூனைக்கூட 'நீங்க' என்பார். அவரிடம் ஓர் அச்சடித்த படிவம் இருந்தது. திட்டம் தோற்பதற்கான ஆபத்துகள் அதில் ஏழு தலைப்புகளில் இருந்தன. ஒருநாள் எனக்கு அவற்றைத் தமிழில் சொன்னார்: மின்சாரம், தூசியும் வெப்பமும், மெஷின் பழுது, பயிற்சி, செலவு, காலதாமதம், ஊழியர் எதிர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு சேதம் என்று எழுத வேண்டும்.

எங்கள் அறைக்கு வந்தபோது கன்னா சாகிப் எழுந்து நின்று வரவேற்றார். "ஒருத்தருடைய விவரம் முழுவதும் அட்டையிலேயே இருக்கிறதா, இல்லை வேறு எங்காவது பார்க்க வேண்டுமா?" என்று ராகவன் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டார். அதை நான் மறுக்கவில்லை.

கன்னா சாகிப் அளவுகோலை நேராக வைத்தார். "எல்லாம் அட்டையில் இருக்கிறது" என்றார்.

ராகவன் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தினமும் இதோட இருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது தோணுதா? சும்மா சொல்லுங்க."

கன்னா சாகிப் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை மூடி மேஜையில் படுக்க வைத்தார். அவருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. எழுத்தில் உத்தரவு இல்லாமல் வருடக்கணக்கில் வரிசையை நிறுத்தி வைத்தார் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன்.

அடுத்த வாரம், அட்டையில் உள்ளதைக் கட்டம் போட்ட தாள்களில் எழுதிக்கொள்ள வெளியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கெட்டிக்காரர்கள், சுத்தமாக வேலை செய்தார்கள். ஒரு தட்டை எடுப்பார்கள், ஒவ்வோர் அட்டையாக எழுதுவார்கள், திரும்பி நிற்கும் அட்டை வந்தால் யாரோ கவனக்குறைவாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நேராக்கி வைப்பார்கள். ஒருவர் என்னிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "சில அட்டைகள் திரும்பிக் கிடந்தன, சரிசெய்து வைத்திருக்கிறேன், பெரியவரே" என்றார், உதவி செய்த திருப்தியோடு. நான் தட்டைப் பார்த்தேன். ஒரு மஞ்சள் முதுகுகூட இல்லை. எல்லா அட்டைகளும் ஒரே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மதிய இடைவேளையில் எல்லோரும் வெளியே போனபின், எனக்கு ஞாபகம் இருந்தவற்றைத் திரும்பவும் திருப்பி வைத்தேன். வைத்து முடித்ததும்தான் உறைத்தது. இனி இந்தத் தட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. தாளில் ஏறியது 'ஏற்கவில்லை' என்ற முத்திரை மட்டும்தான்.

கன்னா சாகிப்பிடம் போனேன். அவரிடம் நானாகப் பேச்செடுத்தது அதுதான் முதல் தடவை. "சாப், அந்த ஒரு பெண்ணுக்கு மட்டுமாவது ஒரு வரி எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

அளவுகோலைத் தள்ளி வைத்தார். "ஒருத்திக்கு எழுதினால் மற்றவர்களுக்கு ஏன் எழுதவில்லை என்பார்கள். எல்லோருக்கும் எழுதினால் இத்தனை நாள் யார் உத்தரவில் செய்தாய் என்பார்கள். நான் என்ன பதில் சொல்வேன், பழனி?" என்றார். கெஞ்சுவது போல இருந்தது. அவர் அப்படிப் பேசிக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் ராகவனைப் பார்த்தேன். முருங்கைக்காயைக் கையில் வைத்து முற்றலா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கடையைத் தாண்டிப் போனேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டார்.

"என்ன பழனி, என்னைப் பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போறீங்க? கடனா குடுத்திருக்கேன்?" என்று சிரித்தார்.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கன்னா சாகிப் பெயரை மட்டும் சொல்லவில்லை. 'எங்க வழக்கம்' என்றுதான் சொன்னேன். தனபாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இதை அன்னிக்கே ஏன் சொல்லலை?"

நான் அவர் கையிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்தேன்.

"யார் உத்தரவுல திருப்பி வைப்பீங்க? ஏதாவது எழுத்துல இருக்கா?"

"இல்லீங்க சார். வழக்கம்தான்."

கடைக்காரரிடம் பில் காகிதம் ஒன்று வாங்கி, அதன் பின்பக்கம் குறித்துக்கொண்டார். "இது ரொம்ப முக்கியமான விஷயம் பழனி. நல்லவேளை சொன்னீங்க. அறிக்கையில் கண்டிப்பா எழுதறேன்" என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு நடந்தே போனேன். அன்றைக்கு மட்டும் மனசு லேசாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அறிக்கையின் பிரதி எங்கள் பிரிவுக்கு வந்தது. கன்னா சாகிப் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். ஊழியர் எதிர்ப்பு என்ற ஏழாவது தலைப்பை எடுத்து, அளவுகோலை வைத்து, ஒவ்வொரு வரியாக எனக்கு ஹிந்தியில் சொன்னார். 'பதிவறையின் மூத்த ஊழியர் ஒருவர், எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லாத பழைய பழக்கங்களைக் காரணம் காட்டி, புதிய பட்டியலின் நம்பகத்தன்மை குறித்துச் சந்தேகம் எழுப்புகிறார். பழைய முறையில் ஊறியவர்களிடம் இத்தகைய தயக்கம் இயல்பு. வாய்ப்பு: அதிகம். திட்டம் நடைமுறைக்கு வரும் முன் அத்தகைய ஊழியர்களை வேறு பணிக்கு மாற்றுவது நல்லது.'

படித்து முடித்துவிட்டுக் கன்னா சாகிப் பேனாவை மூடவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான் தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். அங்கே ஒருநாள் ராகவன் வந்தபோது அவரே என்னிடம் வந்தார். முகம் சரியில்லை. "பழனி, நீங்க சொன்னதை எங்க போடறதுன்னு எனக்குத் தெரியலை. ஏழு தலைப்புல எதுலயும் ஒட்டலை. ஆதாரம் என்னன்னு மேல கேட்டாங்க. என்கிட்ட என்ன இருக்கு? வரைவுல நான் வேற மாதிரிதான் எழுதியிருந்தேன். மேல திருத்தினாங்க" என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். "பரவாயில்லீங்க சார்" என்றேன். அதை வாய் தவறித்தான் சொன்னேன். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? பட்டியலில் என் பெயரா இருந்தது?

பட்டியல் வந்தது. அகலமான காகிதம், ஓரங்களில் துளை, ஒரு வரி விட்டு ஒரு வரி வெளிர்பச்சை. தாழ்வாரத்தில் சுவர் நீளத்துக்கு ஒட்டினார்கள். திருவிழாக் கூட்டம். தனபாக்கியம் முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். விரலை வைத்துப் பெயர் பெயராக இறங்கினாள். இரண்டாவது தாள், மூன்றாவது தாள் என்று நகர்ந்தாள். நான் தபால் கட்டோடு எதிர்ச் சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். எந்தத் தாளில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. கடைசித் தாளில் விரல் நின்றது. திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டுகொண்டாள்.

"அண்ணே, தப்பா அடிச்சிருக்காங்க போல. சார் அடுத்தது எனக்குத்தான்னு சொன்னாரே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேம்மா."

"அப்ப நீங்க சொன்னா மாத்துவாங்கல்ல?"

அவள் மனுக் கொடுத்தாள். அட்டையில் 'ஏற்கவில்லை' என்று இருப்பதாகவும், பட்டியலை மெஷின் தயாரித்ததால் இதில் பாரபட்சத்துக்கு இடமில்லை என்றும் பதில் வந்தது. கோப்பில் இருந்த மருத்துவச் சான்றின் மேல் 'பார்த்தேன்' என்று மட்டும் இருந்தது. பார்த்தவர் அதற்குள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். போகும் முன் தபால் பிரிவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வேனிலில் மோதி பாக்கில் ஒரு கீழ்த்தள வீடு காலியானது. மெஷின் பட்டியலில் முதலில் இருந்தவருக்குப் போனது. தகுதியான ஆள்தான், அவர்மேல் தப்பில்லை.

தனபாக்கியம் இன்னொரு ஜூன் மாதம் தாங்கவில்லை. சுந்தரத்துக்கு முதுகில் புண் வந்துவிட்டது. அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவதென்று முடிவு செய்தாள். அவள் ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதமும், மெஷின் திட்டத்தின் நிறைவு அறிக்கையும் ஒரே வாரத்தில் என் மேஜைக்கு அனுப்ப வந்தன. அறிக்கையின் உறையை ஒட்டும் முன் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். புரியாததைப் பத்தாவது வரை படித்த ராம்சிங்கிடம் கேட்டேன். முன்கூட்டியே கண்டறிந்த ஏழு ஆபத்துகளும் வெற்றிகரமாகத் தவிர்க்கப்பட்டன என்று இருந்தது. பதிவேட்டில் எண் போட்டு அனுப்பிவைத்தேன்.

அதன்பிறகு அதிக நாள் அங்கே இருக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது இன்னும் பல அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வருகிறது. அங்கேயும் யாராவது ஏழு தலைப்பு வைத்த படிவத்தோடு போவார்கள். அட்டையில் எழுதாமல் எதைச் செய்கிறீர்கள் என்று கேட்க அதில் ஒரு கட்டம் இருக்குமா என்று தெரியவில்லை. இருந்தாலும், மேலதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது என்னைப் போன்றவன் என்ன பதில் சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

தனபாக்கியமும் சுந்தரமும் ஊருக்குப் புறப்பட்ட அன்று காலையில் கோட்லாவுக்குப் போனேன். ராம்சிங்கும் வந்தான். சுந்தரத்தை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் கட்டி, நாலு பேர் நாலு கால்களைப் பிடித்து இறக்கினோம். குறுகலான படி. திருப்பத்தில் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது. அவர் எடையே இல்லாமல் இருந்தார். "பாத்துண்ணே, பாத்து" என்று தனபாக்கியம் பின்னாலேயே வந்தாள்.

கீழே ஆட்டோ நின்றது. ஏற்றும் முன் கொஞ்சம் தரையில் வைக்கச் சொன்னார் சுந்தரம். வைத்தோம். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"தனம், என் செருப்பு எங்க?"

அவள் மேலே ஓடப்போனாள். இரண்டு படி ஏறிவிட்டு நின்றாள். நாலு வருடமாக அந்த வீட்டில் அவருக்கென்று செருப்பே இல்லை.

நான் என்னுடையதைக் கழற்றி அவர் காலில் மாட்டினேன். நிற்கவில்லை, கழன்று விழுந்தது. இன்னொரு தடவை மாட்டினேன். தனபாக்கியம் குனிந்து இரண்டையும் எடுத்து, புழுதியைத் தட்டி, என் முன்னால் வைத்தாள்.

"வேணாம்ணே. அவருக்கு நிக்காது. நீங்க போட்டுக்கங்க."